மழைக்கோட்டுக்குள் பெய்த மழை

நம்மூர்ல மழைன்னா சைக்கிளை ஓரமா நிறுத்திட்டு டீக்கடையில ஒதுங்குறதுதான் வழக்கம். சீட்டு மேல ஒரு பாலிதீன் பை, சட்டைப்பையில இருக்குற காகிதத்துக்கு இன்னொரு பை, முடிஞ்சது மழைக்கால ஏற்பாடு. நனைஞ்சா என்ன, வீட்டுக்குப் போய்த் தலையைத் துவட்டிக்கிட்டா ஆச்சு. மான்செஸ்டருக்கு வந்த புதுசுல நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன். இங்க மழைக்கு ஒதுங்கி நின்னா ஆபீஸுக்கே போக முடியாதுங்கிறது ரெண்டாவது வாரத்துல புரிஞ்சுடுச்சு. நனையறது வேற, நனைஞ்சு குளிர்ல மிதிக்கிறது வேறங்கிறது புரியத்தான் கொஞ்ச நாள் ஆச்சு. அதுவும் நல்லா வலிக்கிற மாதிரி புரிஞ்சது.

முதல்ல அதைச் சொல்லிடுறேன். ஒரு மார்ச் மாசம். குளிர்காலம் முடிஞ்சிடுச்சுன்னு நானா முடிவு பண்ணிக்கிட்டு, கூட ஆணி புடுங்கிக்கிட்டிருந்த ஒரு பெரியவரோட ஸ்னேக் பாஸ் போனேன். மான்செஸ்டருக்குக் கிழக்கே கிளாசப்ங்கிற ஊர்ல இருந்து ஷெஃபீல்டு பக்கம் போற மலைச்சாலை. உச்சி 512 மீட்டர்தான், கொடைக்கானல் பக்கத்து ஆளுங்க சிரிப்பீங்க. ஆனா மேல மரம் மட்டை எதுவும் கிடையாது, காத்து நேரா மூஞ்சியில அறையும். பெரியவருக்கு அப்பவே 60 தாண்டியிருக்கும். கழுத்துப் பக்கம் நூல் பிரிஞ்ச ஒரு பழைய கம்பளி ஜெர்சி, அதுக்கு மேல காத்தைத் தடுக்க மெல்லிசா ஒரு சட்டை, அவ்வளவுதான் அவர் போட்டிருந்தது. எனக்கோ அந்த மாசம்தான் வாங்கின புத்தம்புது மழைக்கோட்டு. ஒரு சொட்டு உள்ள போகாதுன்னு கடையில சத்தியம் பண்ணாத குறைதான். விலையைத் தங்கமணிகிட்ட பாதியாக்கித்தான் சொல்லியிருந்தேன். கோட்டுக்குள்ள வழக்கம்போல திருப்பூர் பனியன்.

ஏற ஆரம்பிக்கும்போது தூறல், பாதியில நல்ல மழை, உச்சிக்குப் பக்கத்துல பனி கலந்த மழை. கடைக்காரர் சொன்னது நிஜம்தான், வெளியில இருந்து ஒரு சொட்டு உள்ள வரலை. ஆனா மேடேறின முக்கால் மணி நேரத்துல நான் உள்ளுக்குள்ளேயே குளிச்சு முடிச்சிருந்தேன். உச்சியில நின்னு ஒரு வாழைப்பழத்தைத் தின்னுட்டுத் திரும்பி இறங்கினோம். இறக்கத்துல மிதிக்க வேண்டியதில்லை, உடம்பு சூடு உண்டாக்குறதை நிறுத்திடுச்சு. வேகம் நாற்பதைத் தாண்டிடுச்சு. ஈர பனியன் தோலோட ஒட்டிக்கிட்டு ஐஸ் வச்ச மாதிரி ஆச்சு. மூணாவது வளைவுல பிரேக்கைப் பிடிக்கப் பார்த்தா விரல் மடங்கலை. மூளை சொல்லுது, கை கேட்கலை. எதிர்ல ஒரு லாரி. முழங்கையால ஹேண்டில்பாரை அணைச்சு, செருப்பைத் தேய்க்கிற மாதிரி காலைத் தரையில தேய்ச்சு, புல்மேட்டுல போய் விழுந்தேன். லாரிக்காரர் ஹாரன் அடிச்சுக்கிட்டே போயிட்டார்.

பெரியவர் திரும்பி வந்து, பையில இருந்து இன்னொரு கம்பளிச் சட்டையை எடுத்து, என்னோட கோட்டையும் பனியனையும் கழட்டச் சொல்லி மாட்டிவிட்டார். எனக்குப் பொத்தான் கூடப் போட வரலை. பல்லு கிடுகிடுன்னு ஆடுது. அவர் சொன்னது இதுதான்: "தம்பி, ஈரமா இருக்கலாம், தப்பில்ல. குளிராத்தான் இருக்கக் கூடாது." (அவர் இங்கிலீஷ்ல சொன்னார், 'தம்பி' நான் சேர்த்தது. அந்தக் குரல்ல அது இருந்துச்சு.)

சொந்த செலவுல சூனியம் வச்சுக்கிட்ட அந்தக் கோட்டை அலமாரியில தொங்கவிட்டுட்டு, இந்த மழைக்கோட்டை எவன்யா கண்டுபிடிச்சான்னு தேட ஆரம்பிச்சேன். தேடிப் போனா, நான் தினமும் சைக்கிள்ல போற வழியிலேயே பாதி வரலாறு கிடக்குது.

சார்லஸ் மேக்கின்டாஷ், கிளாஸ்கோவில 1766-ல பிறந்த வேதியியல்காரர். அந்தக் காலத்துல நிலக்கரியில இருந்து விளக்கெரிக்க வாயு எடுப்பாங்க. அதுல மிச்சமாகுற தாரை என்ன பண்றதுன்னு தெரியாம இருந்தப்ப, இவர் அதை வாங்கி அதுல இருந்து நாப்தா எடுத்தார். அந்த நாப்தாவுல ரப்பர் கரையும். கரைச்ச ரப்பரை ரெண்டு துணிக்கு நடுவுல பசை மாதிரி தடவி ஒட்டினா தண்ணி புகாத துணி ரெடி. ரப்பர் பிசுபிசுப்பு வெளியில தெரியாது, ஏன்னா சாண்ட்விச் மாதிரி உள்ள மாட்டிக்கிச்சு. 1823-ல காப்புரிமை வாங்கினார். (நாப்தாவுல ரப்பர் கரையும்னு அவருக்கு முன்னாடியே கண்டுபிடிச்சது ஜேம்ஸ் சைம்ங்கிற மருத்துவ மாணவர். அவர் காப்புரிமை பக்கமே போகலை, பின்னாடி பெரிய அறுவை சிகிச்சை நிபுணர் ஆயிட்டார். பேரு மட்டும் மேக்கின்டாஷுக்குப் போச்சு. இன்னைக்கும் இங்க மழைக்கோட்டை 'மேக்'னுதான் சொல்றாங்க.)

தொழிற்சாலை வச்சது மான்செஸ்டர் கேம்பிரிட்ஜ் ஸ்ட்ரீட்ல. நான் ஆபீஸ் போற ஆக்ஸ்ஃபோர்டு ரோட்டுக்கு அடுத்தாப்புல இருக்குற தெரு. பழைய ஆலைக் கட்டடங்கள்ல சிலது இப்ப அடுக்குமாடி வீடாகி, அந்த இடத்துக்கே மேக்கின்டாஷ் வில்லேஜ்னு பேரு. அந்தப் பக்கம் எத்தனையோ தடவை மழையில நனைஞ்சுக்கிட்டுப் போயிருக்கேன், பேரைக் கவனிச்சதே இல்ல.

கோட்டு வந்த உடனே புகாரும் வந்துச்சு. வெயில் காலத்துல ஒட்டும், குளிர்ல விறைச்சுக்கிட்டு நிக்கும், நாத்தம் தாங்காது. தையல்காரங்க ஊசி குத்தின ஓட்டை வழியா தண்ணி ஒழுகும். கம்பளித் துணியில தடவினா கம்பளியோட இயற்கை எண்ணெய் ரப்பரையே கெடுத்துடும். இதுல முக்கால்வாசியை, மேக்கின்டாஷோட கூட்டுச் சேர்ந்த தாமஸ் ஹான்காக் தீர்த்தார். ரப்பரோட கந்தகம் சேர்த்துச் சூடாக்கிப் பக்குவப்படுத்துற முறைக்கு 1843-ல அவர் இங்கிலாந்துல காப்புரிமை கேட்டார். ஒட்டுறதும் விறைக்கிறதும் போச்சு. போகாதது ஒண்ணே ஒண்ணு. வியர்வை. கோட்டு போட்டவன் உள்ளயே வேகுறான், இது உடம்புக்குக் கெடுதல்னு டாக்டர்கள் அப்பவே திட்டினாங்க. ஸ்னேக் பாஸ்ல எனக்கு நடந்தது அந்த 1830கள் காலத்து டாக்டர்களுக்குத் தெரிஞ்ச சமாச்சாரம்!

இதுவரைக்கும் சைக்கிளே கிடையாது, கவனிச்சீங்களா? நடக்குறவனும் குதிரை வண்டியில உட்கார்ந்து போறவனும் அவ்வளவா வியர்க்க மாட்டான். சைக்கிள்காரன் கதை வேற. மேடேறும்போது ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டர், ஒரு லிட்டர்னு வியர்வை வடியும், அடுத்த பத்தாவது நிமிஷம் இறக்கத்துல சூறைக்காத்துல உட்கார்ந்திருப்பான். ஒரே ஆளு, ஒரே சட்டை, ரெண்டு பருவம். தண்ணி காத்தைவிடச் சுமார் 25 மடங்கு வேகமா சூட்டைக் கடத்தும். அதனால தோல்மேல ஈரம் படிஞ்சிருந்தா அது வெளியில இருந்து வந்ததா உள்ள இருந்து வந்ததான்னு உடம்பு விசாரிக்காது.

இந்தச் சிக்கலுக்கு முதல்ல கிடைச்ச பதில் ஆட்டுக்கிட்ட இருந்து வந்துச்சு. 1878-ல இங்கிலாந்துல சைக்கிள் சுற்றுலாக்காரங்களுக்குன்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க, சைக்கிளிஸ்ட்ஸ் டூரிங் கிளப்னு பின்னாடி பேரு வாங்கினது. அவங்களுக்குச் சீருடையே உண்டு. முதல்ல கரும்பச்சை கம்பளித் துணி. சாலைப் புழுதி அதுல அப்பட்டமாத் தெரியுதுன்னு சாம்பல் நிறத்துக்கு மாத்தினாங்க. நிறம்தான் மாறிச்சு, கம்பளி மாறலை.

அதே சமயத்துல ஜெர்மனியில குஸ்தாவ் யேகர்னு ஒரு விலங்கியல் பேராசிரியர், மனுஷன் உள்ளாடையில இருந்து மெத்தை வரைக்கும் விலங்கு ரோமம்தான் உடுத்தணும், பருத்தியும் லினனும் உடம்போட நச்சு ஆவியைப் பிடிச்சு வச்சுக்கும்னு பிரசாரம் பண்ணினார். 1884-ல லண்டன்ல அவர் பேர்ல கம்பளிக் கம்பெனியே வந்துச்சு. நாடக ஆசிரியர் பெர்னார்டு ஷா தலை முதல் கால் வரை யேகர் கம்பளி சூட்டு போட்டுக்கிட்டு லண்டன் தெருவுல நடந்தார். நச்சு ஆவி எல்லாம் சுத்தப் பேத்தல்தான். ஆனா சைக்கிள்காரனுக்கு மனுஷன் தப்பான காரணத்தைச் சொல்லி சரியான சட்டையைக் கொடுத்துட்டார். கம்பளி இழை தன் எடையில மூணுல ஒரு பங்கு வரைக்கும் ஈரத்தை உள்வாங்கிக்கிட்டும் ஈரமாத் தெரியாது. ஈரத்தை வாங்கும்போது கொஞ்சம் சூட்டையும் வெளிய விடும். முக்கியமா, நனைஞ்சாலும் அதோட சுருள் படுத்துடாது, அதனால உள்ள காத்து தங்கும். பருத்தி நனைஞ்சா அப்படியே துவண்டு தோலோட ஒட்டிக்கும். சித்திரை வெயில்ல திருப்பூர் பனியன் ஏன் சொர்க்கமா இருக்குதோ, அதே காரணத்துக்காகத்தான் ஸ்னேக் பாஸ்ல அது நரகமா இருந்துச்சு.

பெண்கள் பாடு இதைவிட மோசம். நனைஞ்ச நீளப் பாவாடை கனக்கும், சங்கிலியில சிக்கும், ஆளையே கவிழ்க்கும். அதுக்காகக் கால்சட்டை மாதிரி ஆடை போட்டா தெருவுல கேலி. லேடி ஹார்பர்ட்டன்ங்கிற சீமாட்டியை 1898-ல சர்ரே மாவட்டத்துல ஒரு விடுதியில அந்த உடையோட உணவறைக்குள்ள விடலை. டூரிங் கிளப் வழக்கு போட்டுச்சு, 1899-ல தோத்துச்சு. அதுக்கு முன்னாடியே, 1895-ல, பிரிக்ஸ்டன் பக்கத்து தையல்காரி ஆலிஸ் பைக்ரேவ், கயிறு இழுத்தா மேல ஏறிக்குற பாவாடைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தாங்க. நம்மூர்ல லேடீஸ் சைக்கிள் பின்சக்கரத்துக்குச் சேலை சிக்காம வலை மாட்டுவோமே, அதைத்தான் நினைச்சுக்கிட்டேன்.

1910 ஏப்ரல்ல மிலான் - சான் ரெமோ பந்தயம். துர்கீனோ கணவாயில பனி கொட்டுது. யூஜின் கிறிஸ்டோஃப்ங்கிற பிரெஞ்சுக்காரர் விறைச்சுப் போய் நின்னுட்டார். வழியில ஒரு விடுதிக்காரர் உள்ள கூட்டிட்டுப் போய்ப் போர்வையால போர்த்தி, போட்டுக்கக் கால்சட்டையும் கொடுத்தார். மத்தவங்க தடுத்தும் கேட்காம வெளிய வந்து மிதிச்சு ஜெயிச்சார். ஜெயிச்சவர் போனது ஆஸ்பத்திரிக்கு, ஒரு மாசம். அவரைக் காப்பாத்துனது ஒரு போர்வையும் காய்ஞ்ச கால்சட்டையும். கோட்டு இல்ல. அதுக்கப்புறம் பல பத்தாண்டுகளுக்குப் பந்தயக்காரங்க கம்பளியைத்தான் நம்பினாங்க. உச்சியில ரசிகர்கிட்ட இருந்து செய்தித்தாளை வாங்கி நெஞ்சுல திணிச்சுக்கிட்டு இறங்குறது ஒரு மரபாவே ஆச்சு. தினத்தந்தி அளவுக்கு ஒரு தாள் இருந்தா போதும், காத்து நெஞ்சைத் தொடாது. இது நிஜமா வேலை செய்யுது, நானே செஞ்சு பார்த்திருக்கேன்.

அடுத்த கதையும் என் வழியிலேயே, அதுவும் வீட்டுப் பக்கத்துலயே. டிட்ஸ்பரியில 'தி டவர்ஸ்'னு செங்கல் மாளிகை ஒண்ணு இருக்கு, இப்ப சுத்தி அலுவலகங்கள். பருத்தித் தொழிலுக்கான ஷர்லி ஆராய்ச்சி நிலையம் அங்கதான் இருந்துச்சு. பணம் கொடுத்த எம்.பி.யோட மகள் பேரு ஷர்லி. 1930கள்ல போர் வரப்போகுது, தீயணைப்புக் குழாய்க்கான ஆளிநார் கிடைக்காதுன்னு பயந்து, பருத்தியிலேயே தண்ணி தாங்குற துணி பண்ணப் பார்த்தாங்க. நீள இழை எகிப்துப் பருத்தியை நெருக்கமா நெஞ்சாங்க. நனைஞ்ச உடனே இழை உப்பி இடைவெளியை அடைச்சுக்கும், காய்ஞ்சிருக்கும்போது ஆவி வெளிய போகும். ரப்பரும் கிடையாது, மெழுகும் கிடையாது.

அதுக்குப் போர்ல வேற வேலை கிடைச்சுது. ஆர்க்டிக் வழியா ரஷ்யாவுக்குப் போன சரக்குக் கப்பல் கூட்டத்தைக் காக்க, சில கப்பல்கள்ல கவண்கல் மாதிரி போர் விமானத்தை எறிஞ்சு பறக்கவிடுவாங்க. திரும்பி வந்து இறங்க ஓடுதளம் கிடையாது. விமானி கடல்லதான் விழணும். அந்தத் தண்ணியில மனுஷன் சில நிமிஷத்துல செத்துடுவான். விமான அறைக்குள்ள உட்கார்ந்திருக்கும்போது வேகவைக்கக் கூடாது, கடல்ல விழுந்தா நனையவும் கூடாது. அந்த உடையை இந்தத் துணியில தைச்சாங்க. வென்டைல்னு பேரு. போர் முடிஞ்சதும் மலையேறிகளும் சைக்கிள் சுற்றுலாக்காரங்களும் பிடிச்சுக்கிட்டாங்க. நனைஞ்சா பலகை மாதிரி விறைக்கும், காய நாளாகும், விலை கண்ணைக் கட்டும். ஆனா அடைப்பு, ஆவி ரெண்டையும் ஒரே துணியில யோசிச்ச புத்திசாலித்தனம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.

(மேக்கின்டாஷ் கம்பெனியை 1920கள்ல டன்லப் வாங்கிடுச்சு. சைக்கிள் டயரும் மழைக்கோட்டும் ஒரே ரப்பர். அந்த ரப்பருக்காக மலாயா தோட்டங்களுக்குப் போன நம்ம சனங்களோட கதை தனிப் பதிவுக்கானது, இங்க ஒரு வரியில சொன்னா மரியாதையா இருக்காது.)

1969-ல அமெரிக்காவுல பாப் கோர், டெஃப்லான் வகைப் பொருளைச் சூடாக்கி மெதுவா இழுத்து இழுத்துப் பார்த்து, அறுந்து போக, கடுப்புல வெடுக்குன்னு ஒரே இழு இழுத்தார். பல மடங்கு நீண்டுடுச்சு, உள்ளுக்குள்ள கோடிக்கணக்கான நுண்துளைகளோட. நீர்த்துளி நுழைய முடியாது, ஆவி நுழையும். கோர்-டெக்ஸ். 1970களோட பிற்பகுதியில கோட்டா வந்துச்சு, 1980கள்ல சைக்கிள்காரங்களுக்கும் வந்துச்சு. 150 வருஷத்துப் பிரச்சினை தீர்ந்துச்சுன்னு எல்லாரும் கொண்டாடினாங்க. நான் வாங்கினதும் இந்த வம்சம்தான். ஆனா ஒரு சங்கதி. வெளித்துணி நனைஞ்சு ஊறிப்போனா ஆவிக்கு வழி அடைபடும். அதனால மேல ஒரு நீர்விலக்கிப் பூச்சு வேணும், அது தேய்ஞ்சுக்கிட்டே வரும். நல்ல நிலைமையில இருந்தாலும், மேடேறுறவன் விடுற லிட்டர்க் கணக்கு வியர்வைக்கு அந்த வாசல் போதாது. போதாக்குறைக்கு அந்தப் பூச்சுகள்ல இருந்த ஃப்ளோரின் சேர்மங்கள் மண்ணுலயும் தண்ணியிலயும் அழியாம தங்குதுன்னு தெரிஞ்சுபோய், 2025-ல பிரான்ஸ் ஆடைகள்ல அதைத் தடை செய்யச் சட்டமே போட்டுச்சு.

துணி ஒண்ணே போதும்னு நினைச்சா ஆபத்துன்னு காட்டின நாள் 1988 ஜூன் 5. இத்தாலி ஜிரோ பந்தயம், காவியா கணவாய். பேரைக் கேட்டு மயங்கிடாதீங்க, 2,621 மீட்டர் உயரம், அப்ப பாதி மண்ரோடு, ஜூன் மாசத்துல பனிப்புயல். யோஹான் வான் டெர் வெல்டேங்கிற டச்சுக்காரர் அரைக்கைச் சட்டையோட முதல் ஆளா உச்சியைத் தாண்டினார். இறக்கத்துல உடம்பு விறைச்சு நின்னுட்டார். சூடு பிடிச்சு, போர்த்திக்கிட்டு, முடிவுக்கோட்டுக்கு வந்தப்ப சுமார் 47 நிமிஷம் தாமதம். அமெரிக்கர் ஆண்டி ஹாம்ப்ஸ்டனோட குழு அன்னைக்குக் காலையிலேயே பனிச்சறுக்குக் கடைகள்ல பூந்து கையுறை, தொப்பின்னு அள்ளி வாங்கி, உச்சிக்கு முன்னாடி பையில போட்டுக் கொடுக்க ஆள் நிறுத்தி வச்சுது. உடம்பெல்லாம் லனோலின் பூச்சு. லனோலின்னா என்ன? ஆட்டு ரோமத்துக் கொழுப்பு! மேக்கின்டாஷ் ரப்பரைக் கெடுத்த அதே எண்ணெய். அன்னைக்குக் கட்டத்தை ஜெயிச்சது எரிக் ப்ரூகிங்க், ஹாம்ப்ஸ்டன் 7 விநாடி பின்னால. ஆனா இளஞ்சிவப்புச் சட்டை ஹாம்ப்ஸ்டனுக்குப் போய், கடைசியில அந்த ஜிரோவே அவருக்குத்தான். அதுக்கு எட்டு வருஷம் முன்னாடி, 1980 லியேஜ் - பாஸ்டோன் - லியேஜ் பந்தயத்துல பனியில 174 பேர் கிளம்பி 21 பேர்தான் முடிச்சாங்க. ஒன்பது நிமிஷத்துக்கு மேல முன்னணியில ஜெயிச்ச பெர்னார் இனோவுக்கு ரெண்டு விரல்ல அதுக்கப்புறம் உணர்ச்சி சரியா திரும்பவே இல்ல. இதைப் படிச்சப்ப என் விரலை ஒரு தடவை மடக்கிப் பார்த்துக்கிட்டேன்.

மறுபடியும் மிலான் - சான் ரெமோ, 2013 மார்ச் 17. மறுபடியும் பனி. இந்தத் தடவை துர்கீனோவை விட்டுட்டு வீரர்களைப் பஸ்ல ஏத்தி அந்தப் பக்கம் இறக்கினாங்க. கிறிஸ்டோஃப் இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாரோ. அன்னைக்குக் கூட்டத்துல பல பேர் உடம்புல ஒரே மாதிரி கருப்புச் சட்டை. காஸ்டெல்லிங்கிற இத்தாலியக் கம்பெனியோட காபா. வேற கம்பெனிகிட்ட காசு வாங்குற குழுக்காரங்களும் சொந்தக் காசுல வாங்கி, லோகோவை மார்க்கர் பேனாவால அழிச்சுட்டுப் போட்டிருந்தாங்க. இத்தனைக்கும் அது மழைக்கோட்டே கிடையாது. தையல் வழியா தண்ணி போகும், அரைக்கை வேற. உடம்பை ஒட்டி நிக்கும், காத்தை நிறுத்தும், வியர்வையை விடும். நனைவோம், ஆனா விறைக்க மாட்டோம்ங்கிற கணக்கு. பெரியவர் ஸ்னேக் பாஸ்ல போட்டிருந்த கம்பளிக்கும் மெல்லிசு சட்டைக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியலை.

அதுக்கப்புறம் நான் கடைக்குப் போனா "தண்ணி உள்ள போகுமா"ன்னு கேட்கிறதில்ல. "இது முழுசா நனைஞ்சா எப்படி இருக்கும்"னு கேட்பேன். விற்கிறவங்களுக்குப் பதில் தெரியாது, ஒரு மாதிரி பார்ப்பாங்க. இப்ப நம்ம உடுப்பு: தோலோட ஒட்டினாப்புல மெரினோ கம்பளி பனியன், மேல காத்துத் தடுக்குற ஜெர்சி, நனைஞ்சாலும் சூடு விடாத நியோப்ரீன் கையுறை, சைக்கிளுக்கு முழு மட்கார்டு. அலமாரியில தொங்கின அந்த விலையுயர்ந்த கோட்டை வீணாக்கலை, சுருட்டி முதுகுப் பையில வச்சிருக்கேன். ஏறும்போது போட மாட்டேன், உச்சியில நின்னு இறங்குறதுக்கு முன்னாடி போடுவேன். வீட்டை விட்டுக் கிளம்புற முதல் பத்து நிமிஷம் லேசா குளிரணும். அப்பவே கதகதன்னு இருந்தா ஒரு துணி அதிகம்னு அர்த்தம்.

இன்னொண்ணு, காய்ஞ்ச கம்பளி பனியன் ஒண்ணு உபரியா எப்பவும் கூடவே வரும், ஒரு பாலிதீன் பையில சுத்தி. போன சனிக்கிழமை ஸ்னேக் பாஸ் உச்சியில மாத்திக்கிட்டேன், ரெண்டு கையாலயும் பிரேக் பிடிச்சு கிளாசப் வரைக்கும் இறங்கினேன். நனைஞ்சது இப்ப ஹீட்டர் மேல காயுது. வீடு முழுக்க மழையில நனைஞ்ச ஆட்டுக்கிடை வாசம்ங்கிறாங்க தங்கமணி. ஜன்னலைத் திறக்கலாம்னா வெளியில மழை.